ஒசாக்காவுக்குப் பத்து நாள்

அத்தியாயம் 11

பாஸ்போர்ட் வந்து பதினேழு நாளாயிற்று. ஜெபகுமாரி அதை ஒரே ஒரு தடவைதான் திறந்து பார்த்தாள். உள்ளே இருந்த பெண் அவளைவிடக் களைத்திருந்தாள். மூடி, துணி அலமாரியில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அவள் கணவர் ஞானையன் அப்படி இல்லை. தன்னுடையதைத் தினமும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார். வெறுமையாகக் கிடந்த பக்கங்களையும் விடாமல் புரட்டினார்.

ஈஸ்டருக்கு மறுநாள் மகள் சிஜி போனில் சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது. அப்பாவும் அம்மாவும் ஒருமுறை வந்து ஒசாக்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகட்டும், டிக்கெட் என் பாடு என்றாள். அவள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய் இரண்டரை வருடம். நர்ஸிங் படித்த பெண், ஒரு வருடம் திருவனந்தபுரத்தில் தங்கி ஜப்பான் பாஷையும் படித்து, ஒற்றைப் பெட்டியோடு போனவள். அதற்குப் பிறகு வரவில்லை.

பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை முடிந்தது. படத்தில் காது தெரியவில்லை என்று திரும்பி வந்த மனுவும் சரியாயிற்று. இன்று மாலை ஐந்து மணிக்குள் விசாவுக்கான காகிதங்கள் பாறசாலையில் ஷாஜியின் டிராவல்ஸ் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். அவனுடைய ஆள் ராத்திரி ரயிலில் அவற்றைக் கொச்சிக்குக் கொண்டுபோகிறான்.

எந்த நாள் எங்கே போவீர்கள், எந்த இரவு எங்கே தங்குவீர்கள் என்று நாள்வாரியாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஷாஜி சொன்னபோது, ஞானையனுக்கு ஜப்பான்மேல் தனி மரியாதையே வந்துவிட்டது. பத்தொன்பது வருடமாகச் சபைச் சுற்றுலாவுக்குப் பட்டியல் போடுகிறவர் அவர்தான். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எல்லாம் அவருடைய நீளமான நோட்டில் நான்கு கட்டங்களுக்குள் அடங்கிப் போனவை. நாள், நேரம், இடம், பொறுப்பு.

பொறுப்பு என்ற கட்டம் அவர் கண்டுபிடித்தது. ஒவ்வொரு இடத்திலும் தலையை எண்ணி வண்டியில் ஏற்றவும், சாப்பாட்டுப் பொதியைப் பிரித்துக் கொடுக்கவும் ஒரு ஆள். அந்தக் கட்டத்தில் பெயர் இல்லாத இடத்துக்கு வண்டி போகாது.

ஒசாக்காவுக்கும் அதே நான்கு கட்டம்தான். பொறுப்புக்கு யார் யார் என்று கேட்டு மகளுக்குச் செய்தி அனுப்பினார். சிஜி அனுப்பிய பெயர்களை அப்படியே நிரப்பிவிட்டு, காலைச் சாயாவோடு மேஜைமுன் உட்கார்ந்து உரக்க வாசித்தார்.

இரண்டாம் நாள், காலை நாலரைக்கு ஜெபம், ஐந்துக்குப் புறப்பாடு, கோட்டை.

மருமகள் அஷ்வதி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் அவளுக்கு வேலை. கோட்டை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்று போனில் பார்த்துச் சொன்னாள். அதுவரை வெளியே நின்று மதிலைப் பார்க்கலாமே என்றார் ஞானையன்.

“மாமா, அங்க ரயிலு ஐயருக்க பெஞ்சாதி வாறது வரைக்கும் நிக்காது, கேட்டியளா” என்று, சபை வண்டி வழக்கமாகப் போதகரின் மனைவிக்காகக் காத்து நிற்பதைக் குத்திச் சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள்.

அவர் கோபிக்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் கொத்தனார் வேலை பார்த்து, நடுமுதுகில் எலும்பு விலகி நாலு வருடமாகக் கரண்டியைத் தொடாதவர். அந்தக் கோட்டை மதிலில் ஒரு ஓட்டு வீடு அகலத்துக்கு ஒரே கல் இருக்கிறது, சாந்து இல்லாமல் நிற்கிறது என்று சிஜி எப்போதோ படம் அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து அந்தக் கல்லை எப்படி ஏற்றியிருப்பார்கள் என்பதே அவர் நினைப்பு. பட்டியலில் கோட்டை இரண்டு தடவை இருந்தது.

ஜெபகுமாரி அடுப்பை விட்டுத் திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மீன் காட்சி. நான்காம் நாள் மான் திரிகிற ஊர். ஐந்தாம் நாள் பழைய கோயில்கள். கேட்கக் கேட்க அவளுக்குக் கால் வலித்தது. பத்து நாள் வீட்டை விட்டுப் போக வேண்டுமென்றால் அதற்கு முன்பு இருபது நாள் வேலை கிடக்கிறது. கோழிகளை யாரிடம் விடுவது, வேலை பார்க்கிற ஆலையில் யாரிடம் சொல்வது. அவளுக்கு மீனும் வேண்டாம் மானும் வேண்டாம். மகள் தூங்குகிற இடத்தில் ஒரு ஓரமாகப் படுத்து, காலையில் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தால் போதும். அதைச் சொல்லவில்லை. அவர் வாசிக்கிற குரலில் இருந்த தெளிச்சத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

பட்டியலை அவளிடம் கொடுத்தார். வேலை முடிந்து நாலு மணிக்கு அவள் ஷாஜியிடம் கொடுத்துவிட வேண்டும், அவன் இங்கிலீஷில் அடித்து வைப்பான். ஜப்பானுக்கு வேறு அளவில் படம் வேண்டுமாம். அவர் ஸ்டுடியோவில் அதை வாங்கிக்கொண்டு ஐந்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவார்.

அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். வாசித்துப் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாது. ஞானையன் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். அவள் இந்தப் பக்கம், கேரளத்துக் காரோட்டில் மலையாளப் பள்ளி. வீட்டில் பேசுவது ஒரே பேச்சு, எழுதும்போது இரண்டு பேரும் இரண்டு ஊர். முப்பது வருடமாக அவர் எழுதுவதை அவர்தான் அவளுக்கு வாசித்துக் காட்டி வருகிறார்.

* * *

அண்டி ஆபீஸ் என்றுதான் ஊரில் முந்திரி ஆலையைச் சொல்வார்கள். தொலி உரிக்கிற ஹாலில் பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. பெண்கள் கையைக் கழுவிவிட்டுச் சுவரோரமாகப் பாத்திரங்களைத் திறந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ரத்னபாய், சப்பான் பட்டியலைக் காட்டச் சொன்னாள். அவள் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவள். எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள். ஜெபகுமாரி காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

ரத்னபாய் மீன் முள்ளை ஒதுக்கிவிட்டு, காகிதத்தை எட்டப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். அவள் ஞானையனைப் போல இடங்களை மட்டும் வாசிக்கவில்லை. ஒரு கட்டம் விடாமல் வாசித்தாள். இரண்டாம் நாள், கோட்டை, பொறுப்பு அஞ்சு. மூன்றாம் நாள், மீன் காட்சி, பொறுப்பு அஞ்சு. நான்காம் நாள், பொறுப்பு அஞ்சு.

“யாரு மைனி இந்த அஞ்சு?”

அங்கே படிக்கிற ஒரு பெண், நெய்யாற்றின்கரைக்காரி, ஊர் சுற்றிக் காட்டுவாள் என்று சிஜி சொல்லியிருக்கிறாள் என்றாள் ஜெபகுமாரி.

ரத்னபாய் தொடர்ந்தாள். ஐந்தும் அஞ்சு, ஆறும் அஞ்சு. ஏழு, கோட்டை இரண்டாம் தடவை, அஞ்சு. எட்டாம் நாள், ஞாயிறு, ஆராதனை, கடைத்தெரு, பொறுப்பு சிஜி. ஒன்பது அஞ்சு. முதல் நாளும் பத்தாம் நாளும் விமான நிலையத்துக்கு ஓட்டல் வண்டி.

வாசித்து முடித்துவிட்டு அவள் காகிதத்தை இன்னும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

“உனக்க மகளுக்க பேரு ஒரு எடத்திலதான் உண்டு” என்றாள்.

பொறுப்பு என்றால் சாப்பாடு பார்க்கிற ஆள்தான், மற்றவர்களும் கூட வருவார்கள் என்று ஜெபகுமாரி விளக்கினாள். அவருடைய டூர் எல்லாம் அப்படித்தான். ரத்னபாயும் ஆமாம், அதுதான் என்று தலையாட்டினாள். அவளுடைய மூத்தவன் ஜிஜின் மஸ்கட்டில் இருக்கிறான். பிறகு இரண்டு பேரும் மறுபடியும் சோற்றில் கை வைத்தார்கள்.

பாதிச் சோற்றில் ஜெபகுமாரி பாத்திரத்தை மூடினாள்.

அம்மா வருகிறாள். இரண்டரை வருடம் கழித்து வருகிறாள். ஒரு மகள் அந்த அம்மாவுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிற பொறுப்பை இன்னொருத்தி பெயரில் ஏழு நாள் எழுதிக் கொடுப்பாளா?

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அங்கே இப்போது நாலு மணி. ஷிப்டு முடிகிற நேரம். கொட்டைத் தோடு குவித்திருந்த சுவருக்கு அப்பால் கொஞ்சம் நிழல் இருந்தது.

சிஜி எடுத்தாள். படம் இல்லாமல் குரல் மட்டும். சாப்பிட்டாயா என்றாள். பட்டியல் கொடுத்தாயிற்றா என்றாள். அப்பாவின் முதுகைப் பற்றி விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு ஜெபகுமாரி கேட்டாள்.

“பத்து நாளுல நீ எத்தன நாளு எங்க கூட உண்டு, மக்கா?”

அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்து மூடுகிற சத்தம்.

“எட்டாம் நாளு உண்டும்மா.”

“மற்ற நாளு?”

“அஞ்சு உண்டு இல்லியா. அவ நல்லா கொண்டு காட்டுவா.”

“அஞ்சுவப் பாக்கதுக்கு நான் என்னத்துக்கு இவ்வளவு தூரம் வரணும்?”

மகள் தயங்கினால் ஜெபகுமாரி வழக்கமாக வேறு பேச்சை எடுத்துவிடுவாள். மகளைத் துருவிக் கேட்காத அம்மா என்று தன்னைப் பற்றி அவளுக்கு ஒரு பெருமை உண்டு. இன்று எடுக்கவில்லை. வெயில் காலடிக்கு வந்துவிட்டது. நகர்ந்து நின்றாள்.

“லீவு இல்லம்மா” என்றாள் சிஜி.

“வருசத்துக்குப் பத்து நாளு உண்டுன்னு நீதானே சொன்ன. அத வச்சாக்கும் அப்பா பத்து நாளுன்னு எழுதினது.”

“அது தீந்து போச்சு.”

“எப்ப?”

“பெப்ரவரியில.”

பெப்ரவரி. அந்த மாதம் மூன்று வாரம் சிஜியின் முகத்தைப் பார்க்கவில்லை. போன் கேமரா கெட்டுப்போயிற்று என்றாள். அப்பா புதுப் போன் வாங்கச் சொன்னார், ஆகட்டும் என்றாள். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை நேரத்திலும் கூப்பிட்டாள். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த நாட்களில் அவள் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரே அமைதி இருந்தது. முதியோர் இல்லம் அவ்வளவு அமைதியாக இருக்காது.

“என்னத்துக்கு எடுத்த?”

“அப்பா பக்கத்தில உண்டா?”

“இல்ல. நான் ஆபீஸில.”

“அப்பாட்ட சொல்லாண்டாம்.”

“சொல்லதுக்கு நீ எனக்கிட்ட ஒண்ணும் சொல்லல்லியே, மக்கா.”

வெகு நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிற மூச்சு இல்லை. சுமையைத் தலையிலிருந்து இறக்கி வைக்க இடம் பார்க்கிறவளின் மூச்சு. பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி சிஜி போனை வைத்தாள்.

உள்ளே மணி அடித்தது. ஜெபகுமாரி போய் உட்கார்ந்து பருப்பின் தொலியை உரித்தாள். நகத்தில் தெளிந்து வருகிற பருப்பு அன்று அடிக்கடி இரண்டாக உடைந்தது. மேற்பார்வை பார்க்கிற பெண் வந்து தட்டைப் பார்த்தாள். அவள் முகத்தையும் பார்த்தாள். அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள்.

* * *

ஷாஜியின் கடை பாறசாலை ஜங்ஷனில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில். படி செங்குத்து. ஜெபகுமாரி இரண்டு தடவை நின்று ஏறினாள்.

காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். ஓட்டல் வேண்டாம். பகலில் எங்கே வேண்டுமானாலும் எழுது. எல்லா ராத்திரியும் மகளின் வீடு என்று எழுது. அவளுக்கு லீவு இல்லாவிட்டால் போகட்டும், வேலை முடிந்து வீட்டுக்குத்தானே வருவாள்.

ஷாஜி பேனாவைக் கீழே வைத்தான்.

“சேச்சி, அது வேற கேஸாக்கும்” என்றான்.

மகளின் வீட்டில் தங்குவதென்றால் மகள் அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். அவள் இருக்கிற வீட்டு விலாசத்துக்கு அங்கத்து நகராட்சியிலிருந்து ஒரு சான்று எடுத்து அனுப்ப வேண்டும். இன்று ராத்திரி ரயிலுக்கு எதுவும் போகாது. அவன் பொறுமையாகத்தான் சொன்னான். அவளும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, அதை அனுப்பச் சொல்லலாம் என்றாள்.

படியில் ஞானையனின் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு நிறுத்தம். மேலே வந்து, மூச்சு வாங்கி, உறையிலிருந்து புதுப் படங்களை எடுத்துச் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் பரப்பினார். இந்தத் தடவை இரண்டு பேருக்கும் காது தெரிந்தது.

ஷாஜி விஷயத்தைச் சொன்னான். அவருக்குப் புரியவில்லை. ஓட்டலுக்கு என்ன குறை, சிஜியின் அறை சின்னது என்று அவளே சொல்லியிருக்கிறாளே என்றார். பட்டியலை எடுத்து எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.

“எனக்கு அவளுக்க வீட்டுல கெடக்கணும்” என்றாள் ஜெபகுமாரி.

முப்பது வருடத்தில் அவள் எனக்கு என்று சொல்லி ஒன்று கேட்டதை ஞானையன் கேட்டதில்லை. அவளையே பார்த்தார். மத்தியானம் நடந்ததை அவள் சொல்லவில்லை. மகள் வேண்டாம் என்றதால் மட்டும் இல்லை. சொல்லத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சரி, நானே கேட்கிறேன் என்று அவர் சிஜியைக் கூப்பிட்டார். ஷாஜிக்கும் கேட்கட்டும் என்று போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். என்ன காகிதம், எந்த ஆபீஸில் வாங்க வேண்டும் என்று நிதானமாக, சபை நோட்டீஸ் வாசிப்பதுபோல மகளுக்கு எடுத்துச் சொன்னார். சொல்லி முடித்துக் காத்திருந்தார்.

போன் அறுந்துவிட்டதா என்று ஷாஜி எட்டிப் பார்த்தான். இல்லை, வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“அப்பா” என்றாள் சிஜி. “இப்ப அம்மா மட்டும் வரட்டும்.”

ஞானையன் கையில் பட்டியல் இருந்தது.

“நீங்க பிறகு வாங்கப்பா. கோட்டைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். இப்ப அம்மா வரட்டும். காயிதம் நாளைக்கே எடுத்து அனுப்புதேன்.”

அவர் சரி என்றாரா இல்லையா என்று யாருக்கும் கேட்கவில்லை. போன் அணைந்தது. ஷாஜி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் எதையோ தட்டுவதுபோல் இருந்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே கேட்டான், ஒரு ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கா?

“ஒரு ஆளு” என்றாள் ஜெபகுமாரி.

பரப்பிய படங்களில் தன்னுடையதை மட்டும் ஞானையன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உறைக்குள் போட்டார்.

ஷாஜி எழுதிக்கொண்டான். பத்து நாள், ஒரு ஆள், மகள் வீடு. மற்றதெல்லாம் காகிதம் வந்த பிறகு என்றான்.

படி இறங்குவதற்கு அவருக்கு ஏறுவதைவிட நேரம் பிடித்தது. ஒவ்வொரு படியிலும் முதலில் கை, பிறகு கால். அவள் முன்னால் இறங்கினாள். விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று ஒரு படி மட்டும் விட்டு நின்று நின்று இறங்கினாள்.

பஸ் நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் தீர்ந்திருந்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். எதிரே ஒரு லாரியிலிருந்து வாழைக்குலைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சுகக்கேடா?”

“அறியல்ல.”

“உனக்கிட்டயும் சொல்லல்லியா?”

“இல்ல. பெப்ரவரியில லீவு மொத்தமும் எடுத்திருக்கா. அது மட்டும் சொன்னா.”

ஞானையன் தலையை அசைத்தார். பெப்ரவரி என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். கேமரா என்றார் பிறகு. அவரும் அங்கேதான் போய் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் மத்தியானம் கடந்து வந்த வழி முழுவதையும் அவர் இனி தனியாக நடந்து வர வேண்டும். பிடித்துக் கூட்டிக்கொண்டு வர அவளிடம் தெம்பு இல்லை.

அவர்கள் ஏற வேண்டிய பொழியூர் பஸ் வந்தது. அவர் கையைக் காட்டவில்லை. அவளும் காட்டவில்லை. கண்டக்டர் இரண்டு பேரையும் பார்த்தான், மணியை இழுத்தான். பஸ் போயிற்று.

“பத்து நாளு போராது, ஜெபா” என்றார் ஞானையன்.

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் சாலையைக் கடக்கத் தொடங்கியிருந்தார். மருந்துக்கடைப் பக்கத்துப் படியில், இப்போதுதான் அவ்வளவு பாடுபட்டு இறங்கிய படியில், கைப்பிடியைப் பற்றி மறுபடியும் ஏறினார். இரண்டாவது வளைவில் நின்றார். அவள் ஓடி வந்து கீழே நின்றபோது அவர் திரும்பவில்லை.

மேலே ஷாஜி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தான். உள்ளே விளக்கு எரிந்தது. குனிந்து நுழைய முடியாத மனிதர், நிமிர்ந்து நின்றபடியே உள்ளங்கையால் அந்தத் தகரத்தைத் தட்டினார்.